மின்னழுத்தம் குறைந்தால் மின்தடை குறைந்ததாகுமா?

ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வெளியான வெய்ல் அரை உலோகங்கள் (எலக்ட்ரான்கள் நிறையற்ற துகள்கள்போல நடந்துகொள்ளும் படிகங்கள்) பற்றிய கட்டுரை, சிக்கலான விஷயத்தை நன்றாகவே விளக்கியிருந்தது. ஆனால் 'மின்னோட்டத்துக்கு இணையாகக் காந்தப்புலம் வைத்தால் மின்தடை குறைகிறது. கைரல் அனாமலிக்கு இதுவே சான்று' என்று முடித்திருப்பது அவசரம். 2015 முதல் இந்தத் துறையில் நடந்த சச்சரவில் பெரும்பகுதி இந்த ஒரு வரியைப் பற்றியதுதான்.

கொள்கையில் குறையில்லை. எலக்ட்ரான்களின் ஆற்றல் பட்டைகள் தொட்டுக்கொள்ளும் வெய்ல் புள்ளிகள் இடக்கை, வலக்கை என்று ஜோடியாகவே இருக்கும். மின்புலமும் காந்தப்புலமும் இணையாக இருந்தால் ஒரு கையிலிருந்து மறு கைக்கு எலக்ட்ரான்கள் பெயரும்; இந்தப் பெயர்ச்சிதான் கைரல் அனாமலி. அதனால் அந்தத் திசையில் கூடுதல் மின்னோட்டம் பாயும். படிகங்களில் இதை எதிர்பார்க்கலாம் என்று நீல்சனும் நினோமியாவும் 1983-லேயே எழுதிவிட்டார்கள். 2015-இல் பிரின்ஸ்டன் குழு சோடியம் பிஸ்மத்தைடில் இதைக் கண்டதாக அறிவித்தது. தகராறு அளவீட்டில்தான்.

ஆய்வுக்கூடத்தில் யாரும் மின்தடையை நேராக அளப்பதில்லை. படிகத்தின் மேல் ஒட்டிய இரண்டு கம்பிகளுக்கு இடையே உள்ள மின்னழுத்தத்தை அளந்து, செலுத்திய மின்னோட்டத்தால் வகுக்கிறோம். மின்னோட்டம் படிகத்தின் அகலம் முழுக்கச் சீராகப் பரவியிருக்கிறது என்ற நம்பிக்கை இதில் ஒளிந்திருக்கிறது. எலக்ட்ரான்களின் இயக்க எண் (மின்புலத்தில் அவை எவ்வளவு எளிதாக நகரும் என்ற அளவு) அதிகமாக உள்ள படிகத்தில் அந்த நம்பிக்கை உடைந்துவிடும். மின்னோட்டத்துக்கு இணையான காந்தப்புலத்தில் எலக்ட்ரான்கள் புலக்கோட்டைச் சுற்றிச் சுருண்டபடி நேரே ஓடும். பக்கவாட்டில் நகர்வது அரிது. எளிய கணக்கில், குறுக்குக் கடத்துதிறன் நேர்க் கடத்துதிறனைவிட 1+(μB)² மடங்கு குறைவு (μ இயக்க எண், B காந்தப்புலம்).

எண்ணைப் போட்டுப் பார்த்தால் பயமாக இருக்கும். 3 மி.மீ. நீளம், 0.5 மி.மீ. அகலம் உள்ள படிகம். நீள அகல விகிதம் 6. இயக்க எண் ஒரு வோல்ட்-வினாடிக்கு 1 லட்சம் சதுர செ.மீ., அதாவது 10 சதுர மீட்டர். 9 டெஸ்லாவில் μB = 90; கடத்துதிறன் வேறுபாடு சுமார் 8,100 மடங்கு. விகிதம் இதன் வர்க்கமூலத்தால் குறையும்: 6-ஐ 90-ஆல் வகுத்தால் சுமார் 0.07. கண்ணுக்கு நீளமான படிகம், மின்னோட்டத்துக்கு நீளத்தைவிட அகலம் 15 மடங்கு அதிகமான பட்டை. முனையின் நடுவில் ஒரு பொட்டு சில்வர் பேஸ்ட் வைத்து மின்னோட்டம் செலுத்தினால், அது மெல்லிய தாரையாக நடுவிலேயே ஓடி மறுமுனை சேரும். ஓரத்தில் உள்ள மின்னழுத்தக் கம்பிகளுக்கு எதுவும் எட்டாது. மின்னழுத்தம் சரியும், சில வேளை பூஜ்ஜியத்துக்குக் கீழேகூடப் போகும். எதிர்க்குறி மின்தடையைக் கண்ட பிறகாவது சந்தேகம் வரவேண்டும்! கரண்ட் ஜெட்டிங் என்பது இதுதான். டிரெஸ்டனில் உள்ள மாக்ஸ் பிளாங்க் குழு 2016-இல் டான்டலம் பாஸ்பைடில், அளந்த சரிவு இணைப்புகளின் இடத்தைப் பொறுத்தது என்று காட்டியது.

பிரித்தறிய வழி இருக்கிறது. மின்னோட்ட இணைப்பை வேண்டுமென்றே சிறிய பொட்டாக முனையின் நடுவில் வைத்து, மின்னழுத்தத்தை நடுக்கோட்டில் ஒரு ஜோடி, ஓரத்தில் ஒரு ஜோடி என இரண்டு இடத்தில் அளக்க வேண்டும். ஓரத்தில் சரிந்து நடுவில் ஏறினால் அது ஜெட்டிங். இரண்டிலும் சரிந்தால்தான் படிகத்தின் சொந்தக் குணம். இந்தச் சோதனையை 2018-இல் பிரின்ஸ்டன் குழுவே வெளியிட்டது. சோடியம் பிஸ்மத்தைடும் கடோலினியம் பிளாட்டினம் பிஸ்மத்தும் தேறின, தூய பிஸ்மத் தேறவில்லை. தேறிய இரண்டிலும் இயக்க எண் சில ஆயிரம்தான் என்பது தற்செயல் அல்ல. இயக்க எண் 2,000 என்றால் 9 டெஸ்லாவில் μB வெறும் 1.8.

வழக்கமான அளவீட்டுக்கு இதற்கு நேர்மாறாகச் செய்ய வேண்டும்: மின்னோட்ட இணைப்பு முனைமுகம் முழுவதையும் மூட வேண்டும், மின்னழுத்தக் கம்பியைப் பொட்டாக ஒட்டாமல் அகலம் முழுக்கக் குறுக்கே கோடாகப் போட வேண்டும். மின்தாரை சில நூறு மைக்ரான் ஆழத்திலும் ஒளிந்துகொள்ளும் என்பதால் தடித்த படிகத்தில் இதுவும் போதாது. மெல்லியதாகத் தேய்த்துக்கொள்வது நல்லது. புலத்தின் திசையைத் திருப்பி இரண்டு அளவுகளின் சராசரி எடுத்தால் ஹால் மின்னழுத்தக் (காந்தப்புலத்தால் குறுக்கே எழும் மின்னழுத்தம்) கலப்பு நீங்கும், ஜெட்டிங் நீங்காது. பலர் சறுக்குவது இங்கேதான்.

இன்னொன்று. டங்ஸ்டன் டைடெல்லுரைடில் 4.5 கெல்வினில், 14.7 டெஸ்லாவில் கண்ட 4,52,700 சதவீத மின்தடை உயர்வைக் கட்டுரை வெய்ல் புள்ளிகளின் கணக்கில் எழுதியிருக்கிறது. 2014-இல் அதை வெளியிட்டவர்கள் சொன்ன காரணம் எலக்ட்ரானும் துளையும் (எலக்ட்ரான் இல்லாத, நேர்மின்னேற்றம்போல நகரும் வெற்றிடம்) சம எண்ணிக்கையில் இருப்பது.

இனி இத்தகைய வரைபடத்தை அச்சிடும்போது படிகத்தின் அளவு, இயக்க எண், கம்பிகள் ஒட்டிய இடத்தின் படம் மூன்றையும் பக்கத்திலேயே போடுங்கள். கால் பக்கம்கூட ஆகாது.

இப்படிக்கு,
குறைவெப்பநிலை ஆய்வுக்கூட வாசகர் ஒருவர்