எந்த ஓக் என்று கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஓக் மரச் சாமான்கள் பற்றிய உங்கள் கட்டுரை படித்தேன். தச்சு வேலை செய்பவன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும்: வெள்ளை ஓக்கும் சிவப்பு ஓக்கும் ஒன்றல்ல. சிவப்பு ஓக் துண்டின் ஒரு முனையைத் தண்ணீரில் முக்கி, மறுமுனையில் வாய் வைத்து ஊதிப் பாருங்கள், குமிழி கிளம்பும். அவ்வளவு திறந்த துளைகள்! வெள்ளை ஓக்கில் அவை இயற்கையாகவே அடைபட்டிருக்கும். பீப்பாய்க்கு அதை எடுப்பதும் அதனால்தான். மழையில் நனையும் பெஞ்சுக்குச் சிவப்பு ஓக்கைத் தலையில் கட்டுவது அநியாயம்.

அப்புறம், ஆணி. ஓக்கில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் அதிகம். ஈரம் பட்டால் இரும்பு ஆணியைச் சுற்றிக் கருநீலக் கறை படியும். பித்தளை அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்குரூதான் போடச் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு தச்சர்