ஸ்வீப்பரை நம்பி மோசம் போகாதீர்கள்: ஜோ மெக்டோனா கோப்பை அணிகளின் பயிற்சியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பயிற்சியாளர்களுக்கும் தேர்வாளர்களுக்கும் வணக்கம்.

அயர்லாந்து ஹர்லிங்கின் இரண்டாம் தட்டுப் போட்டியில் அணிகளை நடத்தும் நீங்கள் யாரும் தமிழில் எழுதும் இந்த மடலைப் படிக்கப் போவதில்லை. இருந்தாலும் மட்டையால் பந்தை அடித்து ஆடும் அந்த ஹர்லிங்கைப் பார்க்கப் பழகிய தமிழர்கள் சிலர் இருக்கிறோம். ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் நாங்கள் எங்களுக்குள் போடும் சண்டையை உங்கள் பெயருக்கு எழுதி முடித்துவிடலாம் என்று பார்க்கிறேன்.

உங்கள் ஆட்டக்காரர்களைக் குறை சொல்ல வரவில்லை. பெரிய அணிகளின் ஊர்களான கில்கென்னியிலும் லிமெரிக்கிலும் நடக்கப் பழகும் வயதிலேயே பிள்ளைகள் கையில் மட்டை இருக்கும். உங்களிடம் இருக்கும் சிறுவர் எண்ணிக்கையே குறைவு. அதற்கு ஒரு சீசனில் மருந்து கிடையாது. என் வருத்தமெல்லாம், பெரிய அணி வருகிறது என்றதும் நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு செய்யும் ஒரே காரியம் பற்றியது. முன்வரிசையில் ஒருவரைக் கழற்றி, கோலை ஒட்டிய கடைசித் தடுப்பு வரிசைக்கு முன்னால் ஸ்வீப்பராக, அதாவது தனக்கென்று ஓர் எதிராளி இல்லாமல் வரும் பந்தைத் துடைக்கும் கூடுதல் தடுப்பாளராக, நிறுத்திவிடுகிறீர்கள்.

காரணம் புரியாமல் இல்லை. முதல் இருபது நிமிடத்தில் மூன்று கோல் வாங்கினால் அன்றைய பொழுது அத்தோடு சரி. ஆனால் இது கால்பந்து அல்லவே. அங்கே பத்துப் பேரும் கோலுக்கு முன்னால் அடைத்துக்கொண்டு நின்றால் ஒரு பயன் உண்டு, பந்து கம்பத்துக்குக் கீழேதான் போயாக வேண்டும். ஹர்லிங்கில் குறுக்குக் கம்பத்துக்குக் கீழே போனால் கோல், மூன்று புள்ளிக்குச் சமம்; மேலே போனாலும் ஒரு புள்ளி. 130 முதல் 145 மீட்டர் வரை நீளமுள்ள மைதானத்தில், கை தேர்ந்தவர் எண்பது மீட்டரிலிருந்தே அடித்துவிடுவார். 2021 அகில அயர்லாந்து இறுதி ஆட்டத்தில் கார்க்குக்கு எதிராக லிமெரிக் அடித்தது 3-32, அதாவது 3 கோல், 32 புள்ளி. அந்த 32-ம் கம்பத்துக்கு மேலே பறந்தவை. அவற்றை உங்கள் ஸ்வீப்பர் என்ன செய்வார்? தலையைத் தூக்கிப் பார்ப்பார்.

இதைவிடப் பெரிய நஷ்டம் எதிர்ப்பக்கம் நடக்கிறது. நீங்கள் ஒருவரைப் பின்னால் இழுத்தால் அவர்களின் தடுப்பில் ஒருவர் சும்மா நிற்பார். சும்மா நிற்க அவருக்கு என்ன தலையெழுத்தா? உங்கள் கோல்கீப்பர் பக்-அவுட்டை, அதாவது கோலிலிருந்து ஆட்டத்தை மறுபடி தொடங்கும் அடியை, நீளமாக அடித்தால் அது நேராக அவர் கையில் விழும். அவர் நிதானமாகத் தலை நிமிர்ந்து, வேண்டிய இடத்துக்குத் திருப்பி அனுப்புவார். சரி, குட்டையாக அடிக்கலாம் என்று பார்த்தால், அவர்கள் ஏறி வந்து நெருக்குவார்கள். பதறிப்போய் ஒரு கைப்பாஸ், இன்னொரு கைப்பாஸ், அப்புறம் உங்கள் கோலிலிருந்து நாற்பது மீட்டரில் பந்து பறிபோகும். நான் பார்த்த பெரும்பாலான தோல்விகள் இங்கேதான் ஆரம்பித்தன. மறுநாள் எல்லோரும் தடுப்பு வரிசையைத் திட்டுவார்கள், அதுதான் வேடிக்கை.

வாட்டர்ஃபோர்ட் 2015-ல் டைக் டி பூர்காவை ஸ்வீப்பராக வைத்து லீக் பட்டத்தையே வென்றதே என்பீர்கள். உண்மைதான். ஆனால் அது பலவீனமான அணி அல்ல. அதே ஆண்டு அகில அயர்லாந்து அரையிறுதியில் கில்கென்னியிடம் 0-18 எடுத்து, 1-21-க்குத் தோற்றது. ஒரு கோல்கூட இல்லை.

இப்போது எளிய அணிகள் ஜெயித்த மூன்று ஆட்டங்களின் கணக்கைப் பாருங்கள். 2019-ல் லீஷ், மெக்டோனா கோப்பையை வென்ற மறுவாரமே டப்ளினை வீழ்த்தியது: 1-22, 0-23. 2023-ல் வெஸ்ட்மீத், 17 புள்ளி பின்தங்கியிருந்து வெக்ஸ்ஃபோர்டை அவர்கள் ஊரிலேயே வென்றது: 4-18, 2-22. 2025 காலிறுதியில் டப்ளின், முதல் பாதியிலேயே ஒருவர் வெளியேற்றப்பட்டு 14 பேரோடு ஆடி, லிமெரிக்கைச் சாய்த்தது: 2-24, 0-28. மூன்றிலும் கம்பத்துக்கு மேலே அதிகம் அடித்தது தோற்ற அணி. ஜெயித்தவர்களைக் காப்பாற்றியது கோல், ஒவ்வொன்றும் மூன்று புள்ளி. புள்ளிக்குப் புள்ளி போட்டி போட்டால் பெரிய அணிதான் ஜெயிக்கும், அது அவர்கள் தொழில். முன்னால் ஒற்றை ஆளை விட்டுவிட்டு கோலுக்கு ஆசைப்படுவதில் என்ன நியாயம்?

ஆனால் அதே டப்ளின் அடுத்த ஆட்டத்தில் கார்க்கிடம் 7-26 வாங்கியதை நான் மறைக்கவில்லை. திறந்து விட்டால் அப்படியும் நடக்கும். அதனால் நான் கேட்பது மொத்தமாகத் திறந்து விடச் சொல்லி அல்ல. தடுப்பின் மையத்தில் ஆடும் ஆறாம் எண்காரரைத் தன் ஆளைத் துரத்தாமல் நடுவில் நிற்கச் சொல்லுங்கள். அவர் விட்ட ஆளை நடு மைதானத்துக்காரர் பார்த்துக்கொள்ளட்டும். முன்வரிசையில் நடு மைதானத்தை ஒட்டி ஆடும் மூவரும் உங்கள் பக்-அவுட்டுக்குக் கீழே வந்து நின்று சிதறும் பந்துக்கு அடித்துக்கொள்ளட்டும். உள்ளே இருவர், எந்த நிலையிலும் இருவர், கோல் பக்கத்திலிருந்து நகரக் கூடாது. எதிரணியின் பக்-அவுட்டில் எல்லோரையும் துரத்தாதீர்கள், அதற்கு உங்களிடம் மூச்சு இல்லை. மூலைத் தடுப்பாளருக்குக் குட்டையாகக் கொடுத்தால் கொடுக்கட்டும். அவர் அங்கிருந்து நீளமாக அடித்துத்தான் ஆக வேண்டும், அந்தப் பந்து எங்கே விழும் என்று உங்களுக்குத் தெரிந்திருந்தால் போதும்.

ஃபவுல் விஷயமும் உண்டு. நடுக்கோட்டுப் பக்கம் முதுகைப் பிடித்து இழுப்பது, தட்டில் வைத்து ஒரு புள்ளி கொடுப்பதுதான். அப்புறம் கடைசிப் பதினைந்து நிமிடம். உங்களின் வேகமான இரண்டு பேரை அதுவரை பெஞ்சில் வைத்திருக்க மனம் வருமா?

வெக்ஸ்ஃபோர்டை வென்ற அந்த வெஸ்ட்மீத், கடைசி வாரத்தில் வெக்ஸ்ஃபோர்ட் கில்கென்னியை வென்றுவிட்டதால் மெக்டோனா கோப்பைக்குக் கீழே இறக்கப்பட்டது. அநியாயம்தான், ஆனால் விதி அப்படி. அவர்களுடைய நான்கு கோல்களையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். உள்ளே எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை அணியை எழுதுங்கள்.

இப்படிக்கு,
கோலுக்குப் பின்னால் மழைக்கோட்டோடு நிற்கும் ஒரு தமிழ் ரசிகன்