அந்த 'ஆகவே' எங்கிருந்து வந்தது?

ஆண்டுதோறும் பங்குச்சந்தைக் கணிப்பு வெளியிடும் ஆய்வாளர்களுக்கு,

வணக்கம். உங்கள் அறிக்கைகளைப் பல ஆண்டுகளாக விடாமல் படித்துவருகிறேன். அட்டை மாறும், இலக்கு மாறும். ஒரு வரி மட்டும் மாறாது. 'பொருளாதாரம் வளரும், ஆகவே பங்குகளும் ஏறும்.' அந்த 'ஆகவே'யைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டியிருக்கிறது.

2007 அக்டோபரில் சீனாவின் ஷாங்காய் குறியீட்டெண், அதாவது அந்தச் சந்தையின் பங்கு விலைகள் மொத்தத்தில் எங்கே நிற்கின்றன என்று காட்டும் எண், 6,000 புள்ளிகளைத் தாண்டியது. அதன்பிறகு சீனப் பொருளாதாரம் பல மடங்கு பெருத்தது. குறியீட்டெண்ணோ 2024 முடியும்போது அந்த உச்சத்தில் பாதியைச் சற்றே தாண்டித்தான் நின்றது. 2020இல் நடந்தது இதற்கு நேர்மாறு. பிப்ரவரி 19க்கும் மார்ச் 23க்கும் நடுவில் அமெரிக்காவின் பெரிய நிறுவனங்களுக்கான குறியீட்டெண்ணான எஸ் அண்ட் பி 500 மூன்றில் ஒரு பங்கு சரிந்தது. பெருந்தொற்றின் அடியிலிருந்து பொருளாதாரம் எழுந்திருக்காத ஆகஸ்டிலேயே பழைய உச்சத்தைத் தாண்டிவிட்டது.

காரணம் உங்களுக்குத் தெரியாததல்ல. நாளை வரப்போகும் வளர்ச்சிக்கு இன்றைக்கே விலை வைத்துவிடுவதுதான் சந்தையின் வேலை. எல்லோரும் எதிர்பார்த்த வளர்ச்சி அப்படியே வந்தாலும், அதற்கான காசை வாங்கும்போதே கொடுத்துவிட்டோம். இன்னொன்றை நீங்கள் அதிகம் பேசுவதில்லை. வேகமாக வளரும் நிறுவனம் விரிவாக்கத்துக்காகப் புதுப் பங்குகளை வெளியிட்டுக்கொண்டே இருக்கும். மொத்த லாபம் இரட்டிப்பாகும். பங்குகளின் எண்ணிக்கையும் இரட்டிப்பானால், பழைய பங்குதாரருக்குக் கிடைப்பது அதே பழைய லாபம்தான். நிறுவனம் வளர்ந்தது உண்மை. என் பங்கு வளரவில்லை.

சரி, ரிஸ்க்குக்கு வருவோம். அறிக்கையின் கடைசியில், கண்ணாடி போட்டாலும் படிக்கமுடியாத எழுத்தில், ஏற்ற இறக்கத்தை ஒரு சதவீதமாகப் போட்டிருப்பீர்கள். எனக்கு ரிஸ்க் என்றால் என்னவென்று அந்தச் சதவீதம் சொல்லித்தரவில்லை. கணக்குத் தொடங்கும்போது ஒரு படிவம் கொடுத்தார்கள். 'உங்கள் முதலீடு 20% குறைந்தால் என்ன செய்வீர்கள்?' 'இன்னும் வாங்குவேன்' என்ற கட்டத்தில் யோசிக்காமல் டிக் அடித்தேன். 2020 மார்ச்சில் ஒரு நாள் அதிகாலை, விளக்குகூடப் போடாமல் கட்டிலில் உட்கார்ந்து செயலியைத் திறந்தேன். திரை முழுக்கச் சிவப்பு. 'விற்க' என்ற பொத்தானுக்கு மேலே கட்டைவிரல் வெகுநேரம் நின்றது. கடைசியில் பாதியை விற்றேன். துணிச்சல்காரன் என்று படிவத்தில் கையெழுத்துப் போட்டவனும் நான்தான்.

அப்போதுதான் ஒன்று புரிந்தது. விலை ஆடுவதைவிட, ஆடும் நேரத்தில் பணம் தேவைப்படுவதோ நெஞ்சு தாங்காமல் போவதோதான் ஆபத்து. பாதி போனால், மீண்டு வர இரண்டு மடங்காக வேண்டும். அதற்கு எத்தனை காலம் ஆகும்? ஜப்பானின் பங்குக் குறியீட்டெண்ணான நிக்கேய் 1989 டிசம்பரில் தொட்ட உச்சத்தை மறுபடி தாண்டியது 2024 பிப்ரவரியில். 34 ஆண்டுகள்! நிறுவனங்கள் லாபத்திலிருந்து பங்குதாரருக்குத் தரும் ஈவுத்தொகையைச் சேர்த்தால் காலம் கொஞ்சம் குறையும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 55 வயதில் அந்த உச்சத்தில் வாங்கியவருக்கு அதைச் சொல்லி என்ன பயன்?

பங்குகளே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இப்போதும் என் சேமிப்பில் பெரும்பகுதி பங்குகளில்தான் இருக்கிறது. ஐந்து ஆண்டுக்குள் தேவைப்படும் பணத்தை மட்டும் அங்கே வைப்பதில்லை.

உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். இலக்கு எண்ணுக்குப் பக்கத்திலேயே, இன்றைய விலை லாபத்தைப்போல் எத்தனை மடங்கு, அந்தச் சந்தை இதுவரை கண்ட மோசமான சரிவு எவ்வளவு, மீள எத்தனை ஆண்டு ஆனது என்று போடுங்கள். அப்புறம், போன ஆண்டு நீங்கள் சொன்ன இலக்கையும், ஆண்டுக் கடைசியில் சந்தை நின்ற இடத்தையும் அதே முதல் பக்கத்தில், அதே அளவு எழுத்தில் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
பாதியை விற்ற ஒரு சிறு முதலீட்டாளர்