பிரைவேட் லிமிடெட் ஆக்குமுன்…

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தனி உரிமையாளராகத் தொழில் செய்பவர்களிடம் 'பிரைவேட் லிமிடெட் ஆக்கிவிடுங்கள், வரி குறையும்' என்று எல்லோரும் சொல்கிறார்கள். பாதிதான் உண்மை. புதிய வரி முறையில் தனிநபருக்கு 12 லட்ச ரூபாய் வருமானம் வரை வரி இல்லை. கம்பெனிக்கோ சலுகை விகிதத்திலேயே முதல் ரூபாயிலிருந்து 25.17 சதவீதம். லாபத்தைத் தொழிலிலேயே விட்டுவைப்பவருக்கு, அதுவும் 24 லட்சத்தைத் தாண்டி 30 சதவீத வரம்பில் இருப்பவருக்குத்தான் மாற்றம் பலன் தரும்.

கடன் பொறுப்பு கம்பெனியோடு நின்றுவிடும் என்பதும் ஏட்டளவில்தான். வங்கிகள் பெரும்பாலும் இயக்குநரின் சொந்த ஜாமீனையும் கேட்கும்.

பலர் சறுக்குவது மாற்றும் விதத்தில். மூலதன ஆதாய வரி (சொத்து கைமாறும்போது வரும் லாபத்துக்கான வரி) விழாமல் இருக்க, தொழிலின் சொத்து, கடன் அனைத்தும் கம்பெனிக்குப் போக வேண்டும்; பதிலுக்குப் பங்குகள் மட்டுமே பெற வேண்டும்; பழைய உரிமையாளரிடம் 5 ஆண்டுகளுக்குக் குறைந்தது 50 சதவீத வாக்குரிமை இருக்க வேண்டும். கணவன், மனைவி, மகன் என மூன்று சம பங்காகப் பிரித்தால் அந்த வரி விலக்கு போச்சு.

பான் மாறுவதால் ஜிஎஸ்டி பதிவும் புதிது. பழைய பதிவை ரத்து செய்யும் முன்பே ஐடிசி-02 படிவத்தில் மீதமுள்ள உள்ளீட்டு வரி வரவை (கொள்முதலில் கட்டிய ஜிஎஸ்டிக்கான வரவு) புதிய பதிவுக்கு மாற்றிவிடுங்கள்.

விற்பனையே இல்லாவிட்டாலும் ஆண்டுதோறும் தணிக்கை கட்டாயம். கம்பெனிப் பதிவாளரிடம் தாக்கல் செய்யும் ஏஓசி-4 (ஆண்டுக் கணக்கு), எம்ஜிடி-7 (ஆண்டு அறிக்கை) வகைப் படிவங்கள் தாமதமானால் ஒவ்வொன்றுக்கும் நாளுக்கு 100 ரூபாய் கூடுதல் கட்டணம். ஓராண்டு அசந்தால் இரண்டுக்கும் சேர்த்து 73,000.

இப்படிக்கு,
வரி ஆலோசகர் ஒருவர், ஈரோடு