புத்தகம் பாராமல் பூட்டுவது பெருமையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

யாழ்ப்பாணத்தில் ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் கார்கள் எழுபது ஆண்டுகள் கடந்தும் ஓடிக்கொண்டிருப்பதைப் பற்றி அண்மையில் தங்கள் பத்திரிகையில் வெளிவந்த கட்டுரையை விருப்பத்தோடு வாசித்தேன். அவற்றைப் பராமரிக்கும் மெக்கானிக்மார் பாராட்டுக்குரியவர்கள் என்பதில் ஐயமில்லை. பொருளாதாரத் தடைக் காலத்தில் சூப்பிப் போத்தலால் இரண்டு சொட்டுப் பெற்றோல் விட்டு எஞ்சினை இயக்கி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடவிட்ட கைகள் அவை. ஆனால் 'ஒரு புத்தகமும் பாராமலே கழற்றிப் பூட்டுகிறார்கள்' என்று அக்கட்டுரை பெருமையோடு சொல்லும் வரியை என்னால் ஏற்க முடியவில்லை. அன்று அவர்கள் புத்தகம் பாராமல் பூட்டியது புத்தகம் கிடைக்காததால். அந்த இல்லாமையை இன்று ஒரு தகுதியாகச் சொல்லத் தொடங்கியிருக்கிறோம்.

இதை நான் எழுதத் தூண்டியது ஒரு பழைய விமானம். என் தமக்கையின் மகன் இங்கிலாந்தில் பழைய விமானங்களைத் திருத்தியமைக்கும் சிறு பட்டறையொன்றில் வேலை செய்கிறார். கடந்த ஆண்டு அங்கே பூக்கர் 131 'யுங்மான்' என்ற பயிற்சி விமானமொன்று வந்து சேர்ந்தது. சுவீடனைச் சேர்ந்த அன்டேர்ஸ் அன்டேர்சன் ஜேர்மனியின் பூக்கர் நிறுவனத்துக்காக வடிவமைத்த இவ்விமானம், 1934 ஏப்ரல் 27இல் முதன்முதலாகப் பறந்தது. மேலும் கீழுமாக ஈரடுக்குச் சிறகு, முன்னும் பின்னுமாக இரண்டு இருக்கை, சிறகின் ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை 7.4 மீற்றர், வெறும் பாரம் 400 கிலோவுக்கும் குறைவு, அதாவது நம்மூர் ஒஸ்ரின் காரின் பாதிப் பாரங்கூட இல்லை. ஹிட்லரின் விமானப்படைக்கு விமானிகளைப் பழக்கிய இயந்திரம் இது என்பதை மறைக்க வேண்டியதில்லை. பலாலி விமானத்தளப் பக்கமிருந்து விமானச் சத்தம் கேட்டாலே பதுங்குகுழிக்கு ஓடிய ஊரில் இருந்துகொண்டு ஒரு போர்க்கால விமானத்தைப் பற்றி இவ்வளவு ஆர்வமாக எழுதுவது எனக்கே சற்று விசித்திரமாகத்தான் இருக்கிறது.

யுங்மான் ஜேர்மனியில் மட்டும் கட்டப்பட்டதன்று. ஜப்பானில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை கட்டப்பட்டன. ஸ்பெயினில் காசா நிறுவனம் 1960களின் ஆரம்பம் வரை ஐந்நூறுக்கும் மேற்பட்டவற்றைக் கட்டியது. இன்று பறக்கும் யுங்மான்களில் பல ஸ்பெயினில் பிறந்தவை. மருமகனின் பட்டறைக்கு வந்ததும் அவற்றில் ஒன்றே. ஸ்பெயின்காரர் 'திக்ரே' என்ற தங்கள் எஞ்சினைப் பொருத்தினர். ஜேர்மனியில் கட்டியவற்றிலோ ஹிர்த் எஞ்சின். ஆகவே திருத்துபவர் முன்னால் ஜேர்மன் மொழியில் ஒரு பராமரிப்புக் கைந்நூலும் ஸ்பானிய மொழியில் இன்னொன்றும் கிடக்க, எந்தப் பக்கம் தன் முன்னால் நிற்கும் விமானத்துக்கு உரியது என்று பிரித்தறிவதே அவருடைய முதல் வேலையாகிறது.

1960களில் இலங்கை-ஜேர்மன் தொழிற்பயிற்சி நிலையத்தில் படித்தபோது ஜேர்மன் போதனாசிரியர்களிடமிருந்து அவர்களுடைய மொழியும் சிறிது என்னோடு ஒட்டிக்கொண்டது. அதை நம்பித்தான் மருமகன் கைந்நூலின் பக்கங்களைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, "மாமா, இந்த ரெண்டு சொல்லும் ஒண்டோ, வேறையோ?" என்று கேட்டார். ஒரு சொல் 'ஐன்ஷ்டெல்விங்கெல்', மற்றது 'அன்ஷ்டெல்விங்கெல்'. முதலாவது, பட்டறையில் சிறகை உடலோடு பொருத்தும்போது வைக்கும் கோணம். விமானத்தைக் கழற்றும்வரை அது மாறாது. இரண்டாவது, பறக்கும்போது எதிர்க்காற்றுக்குச் சிறகு காட்டும் கோணம். அது கணத்துக்குக் கணம் மாறும். அவர்களிடமிருந்த பெயர் தெரியாத ஒருவரின் ஆங்கிலத் தட்டச்சு மொழிபெயர்ப்போ இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டிருந்தது. மொழிபெயர்த்தவரைக் குறை சொல்வதற்கில்லை. பழைய பிரித்தானிய வழக்கில் அந்த ஒரே ஆங்கிலச் சொல் இரண்டு பொருளிலும் வழங்கியதுண்டு. ஆனால் உடலை நீர்மட்டம் வைத்துச் சமப்படுத்தி, தூக்குக்குண்டு தொங்கவிட்டு, சிறகுகளை இழுத்துப் பிடிக்கும் கம்பிகளை ஒவ்வொரு புரியாகத் திருகிச் சிறகின் கோணத்தை அளந்துகொண்டு நிற்பவருக்கு, எந்த எண் எந்தக் கோணத்துக்கு உரியது என்பது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. அந்த எண் தவறினால் விமானம் ஒரு பக்கம் சாய்ந்தே பறக்கும், அதற்குமேலும் நடக்கலாம்.

அனுபவமுள்ள கை இதைத் தடவிப் பார்த்தே கண்டுபிடித்துவிடும் என்று சிலர் சொல்லக்கூடும். எஞ்சினையே எடுத்துக்கொள்வோம். ஜேர்மன் விமானத்து ஹிர்த் எஞ்சினின் நான்கு சிலிண்டர்களும் தலைகீழாகத் தொங்குபவை. நிறுத்திவைத்த எஞ்சினில் எண்ணெய் கசிந்து சிலிண்டருக்குள் இறங்கித் தேங்கும்; விமானத்தின் முன்னாலுள்ள சுழலியைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பாராமல் இயக்கினால் எண்ணெய் அமுங்காது, எஞ்சின்தான் முறியும். அதன் வளைதண்டோ (கிராங்ஷாஃப்ட்) ஒரே உலோகத் துண்டால் ஆனதன்று. பல துண்டுகளின் முகங்களில் ஆரைவாட்டில் பற்கள் வெட்டி, ஒன்றோடொன்று கோத்து, உள்ளே செல்லும் திருகாணிகளால் இறுக்கியிருப்பார்கள். எந்த ஒழுங்கில் கழற்றுவது, எந்தக் கருவியால், எவ்வளவு இறுக்கம் என்பதை எழுதிவைத்தவர் சொன்னால்தான் உண்டு. ஒஸ்ரின் எஞ்சின் பழுதானால் கார் தெருவோரத்தில் நிற்கும்; இது பழுதானால் நிற்பதற்குத் தெருவில்லை.

கைந்நூல் வேதவாக்கு என்றும் நான் சொல்ல வரவில்லை. அக்காலத்து மர வேலைக்குப் பாலிலிருந்து எடுக்கும் கேசீன் பசை பெரிதும் பயன்பட்டது. ஈரம் பட்டால் அது பூசணம் பிடித்து விட்டுவிடும் என்பதைப் பின்னால் வந்தவர்கள் பட்டறிந்து, வேறு பசைகளுக்கு மாறினார்கள். ஆனாலும் முதலில் என்ன பசை பூசப்பட்டது என்பதைப் பழைய நூல் சொன்னால்தான் எந்தப் பொருத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதே தெரியவரும்.

இனி நம் ஊருக்கு வருகிறேன். நான் முன்னர் பணியாற்றிய இடமொன்றில் கடைசல் இயந்திரம், நீரிறைக்கும் இயந்திரம், உழவு இயந்திரம் ஆகியவற்றின் கைந்நூல்கள் இரண்டு அலுமாரி நிறைய இருந்தன. கட்டடத்துக்கு வர்ணம் பூசிய ஒரு விடுமுறையில் அவை பழைய கடதாசியாக நிறுத்து விற்கப்பட்டன. அந்த ஆண்டு நல்லூர்த் திருவிழாவில் வாங்கிய கச்சான் சரையைப் பிரித்தபோது, உள்ளே புரி வெட்டுவதற்கான பற்சில்லு அட்டவணை. ஓரத்தில் சிவப்புப் பேனையால் நானே இட்ட திருத்தம். அட்டவணையின் மறுபாதி வேறு யாருடைய கச்சானைச் சுற்றிப் போயிற்றோ தெரியாது. அந்தக் கடைசல் இயந்திரம் இன்றும் அங்கே நிற்கிறது, அதிலே புரி வெட்டத்தான் ஆளில்லை.

1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் தமிழிலேயே வைத்தியம் கற்பித்து, அதற்கான நூல்களைத் தமிழாக்கி, சொற்களையும் ஆக்கித் தந்தார். உடலின் எலும்புக்கும் நரம்பிற்கும் அன்றே தமிழ்ச்சொல் தேடிய மண்ணில், இயந்திரத்தின் உறுப்புகளுக்கு மட்டும் 'உந்தச் சாமான்', 'இந்தப் பீஸ்' என்று சொல்லிக் காலம் கழிக்கிறோம். மருமகனுக்கு விளங்கப்படுத்தும்போது முதற் கோணத்தைப் 'பொருத்துகோணம்' என்றும் இரண்டாவதைத் 'தாக்குகோணம்' என்றும் நான் சொன்னேன். சிறகின் நீளவாட்டில் ஓடிப் பாரம் தாங்கும் நடுமரத்தை, நம் வீட்டுக் கூரையை நினைத்து, 'வளை' என்றேன். தேர்ந்தவர்கள் இவற்றைவிட நல்ல சொற்களைத் தரக்கூடும்.

2005 முதல் ஈழத்து நூல்களை எண்ணிமப்படுத்திவரும் நூலகம் நிறுவனத்தார், பழைய இயந்திரக் கைந்நூல்களுக்கும் அவற்றின் ஓரத்தில் நம் மெக்கானிக்மார் எழுதிவைத்த குறிப்புகளுக்கும் தனிப் பகுதியொன்றைத் தொடங்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். கிளிநொச்சி அறிவியல் நகரில் ஜேர்மன் உதவியுடன் அமைந்த தொழிற்பயிற்சி நிறுவனத்தின் மாணவர்கள் ஆண்டுக்கொரு கைந்நூலையாவது தமிழில் பெயர்க்கலாம். கட்டுரையில் பேசப்பட்ட கராஜ்காரர்களிடம் எனக்குள்ள வேண்டுகோள் இன்னும் சிறியது: கறுத்துப்போன கைந்நூல் ஏதும் தட்டில் கிடந்தால் எறிந்துவிடாதீர்கள். என்னிடமுள்ள பதினொரு கைந்நூல்களையும், அந்தக் கச்சான் சரைத் தாளையும், பொறுப்பேற்பவர் எவராயினும் ஒப்படைக்க ஆயத்தமாக இருக்கிறேன்.

இங்ஙனம்,
இளைப்பாறிய தொழிற்பயிற்சிப் போதனாசிரியர்,
கோண்டாவில்.