ஃபவுண்டன்ஸ் அபேக்குக் கோச் விடுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள சுற்றுலா ஏற்பாட்டாளர்களே,

கோடை வந்தால் இங்கிலாந்துத் தமிழ்க் குடும்பங்களைக் கோச்சில் ஏற்றி யார்க்‌ஷயருக்கு அழைத்துப் போகிறீர்கள். நல்ல காரியம், சாப்பாட்டிலும் குறை வைப்பதில்லை. ஆனால் ரிப்பன் பக்கத்து ஃபவுண்டன்ஸ் அபேயில் ஆட்களை இறக்கிவிடும் முனைதான் சரியில்லை.

மேட்டிலிருக்கும் பார்வையாளர் மையத்தில் இறக்குகிறீர்கள். கொஞ்ச தூரம் சரிவில் இறங்கியதும் இடிந்த மடாலயம் மொத்தமாக எதிரே வந்துவிடுகிறது. படம் எடுத்து முடித்தால் டீ, அப்புறம் கோச். கீழே இருக்கும் நீர்த்தோட்டத்தை முக்கால்வாசிப் பேர் பார்ப்பதே இல்லை.

மறுமுனையில், ஸ்டட்லி ராயல் ஏரிப் பக்கமிருந்து தொடங்குங்களேன். அந்தத் தோட்டத்தை உருவாக்கிய ஜான் ஏஸ்லபி ஒரு காலத்தில் நாட்டின் நிதியமைச்சர். 1720-இல் சவுத் சீ நிறுவனப் பங்குகள் சரிந்த ஊழலில் சிக்கி, அடுத்த ஆண்டே நாடாளுமன்றத்திலிருந்து வெளியேற்றப்பட்டார், சிறைக்கும் போனார். ஊர் திரும்பியவர் 1742-இல் சாகும்வரை தோட்டமே கதி என்று கிடந்தார். ஸ்கெல் ஆற்றைக் கோடு கிழித்தாற்போலக் கால்வாயாக்கி, பக்கத்தில் பிறை வடிவக் குளங்களை வெட்டினார். ஊழல்வாதிதான், ஆனாலும் ரசனைக்காரர்!

மடாலயம் அவர் கைக்கு வரவில்லை. மகன் வில்லியம்தான் 1767-இல் அதை வாங்கித் தோட்டத்தோடு சேர்த்தார். குளங்களைத் தாண்டி, குகைப்பாதை வழியே மேலேறினால் ஆன் போலின் இருக்கை என்ற சிறு மண்டபம். அங்கே நின்றால்தான் பள்ளத்தாக்கின் கோடியில் மடாலயம் முதன்முதலாகத் தெரியும். அந்தக் காட்சிக்காகவே அமைத்த தோட்டத்தை நாம் பின்வாசல் வழியாகப் பார்க்கிறோம்.

கடைசியில் மடாலயத்துக்கு வரும்போது மேற்குப் பக்கக் கிடங்கில் கொஞ்சம் நிற்க விடுங்கள். நீளம் 90 மீட்டருக்கு மேல். நடுத்தூண் ஒவ்வொன்றிலிருந்தும் கல் விலாக்கள் பனை மட்டைபோல விரிந்து கூரையைத் தாங்குகின்றன. 1132-இல் பதின்மூன்று துறவிகளோடு தொடங்கிய மடம் கம்பளி வியாபாரத்தில் செழித்த கதை அங்கே நின்றால் புரியும். 1539-இல் எட்டாம் ஹென்றி காலத்தில் மூடியதும் கூரை ஈயத்தைக்கூட விட்டுவைக்கவில்லை. இந்தக் கிடங்கு மட்டும் எப்படியோ தப்பிவிட்டது.

ஏரிப் பக்கம் பெரிய வண்டியை விடுவார்களா என்று முன்னதாகவே கேட்டுவையுங்கள். மூட்டுவலிக்காரர்கள் மேடேற வேண்டாம், ஆற்றோரப் பாதையிலேயே வரலாம். மூன்று மணி நேரமாவது ஒதுக்குங்கள். அவுட்லெட் மால் இன்னொரு நாளைக்கு இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் கோச்சில் வரும் ஒருவர்