எங்கள் மின் ஸ்கேட்போர்டுக்குக் கைகொடுத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

குளச்சல், தக்கலை, மார்த்தாண்டம் வட்டாரத்து அன்பு உறவுகளுக்கு,

வணக்கம். நானும் என் சித்தப்பா மகனும் வீட்டுத் திண்ணையில் வைத்துச் செய்துவந்த மின் ஸ்கேட்போர்டு, பின்சக்கரங்கள் இரண்டிலும் ஹப் மோட்டாருடன், இப்போது நன்றாக ஓடுகிறது. ஊரில் பார்ப்பவர்கள் எங்கள் இருவரையும் பாராட்டுகிறார்கள். பலகையைக் கழற்றிப் பார்த்தால் எங்கள் கை பட்ட இடத்தைவிட உங்கள் கை பட்ட இடமே அதிகம் என்பது எங்களுக்குத் தெரியும். அதனால்தான் யார் எதைச் செய்தார்கள் என்று எல்லோரும் அறிய எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம் என்று உங்களில் சிலர் சொன்னதால் அனைவரையும் அவரவர் தொழிலைச் சொல்லியே குறிப்பிடுகிறேன்.

முதல் நன்றி ஆசாரி மாமாவுக்கு. கடைகளில் வரும் ஸ்கேட்போர்டுகள் பெரும்பாலும் மேப்பிள் மரத்தின் ஏழு மெல்லிய தகடுகளை ஒட்டிச் செய்யப்படுபவை. மேப்பிளுக்கு இங்கே வழியில்லை என்பதால் அயனியில் ஒரே பலகையாக அறுத்துத் தரும்படி கேட்டோம். வள்ளத்துக்கு அயனி எவ்வளவு நல்ல மரமானாலும், நடுவில் ஆள் ஏறி நின்று குதிக்கும் பலகைக்கு ஒற்றை மரம் கூடாது, நார் ஓடும் திசையிலேயே பிளந்துவிடும் என்று சொல்லி, மரைன் பிளைவுட்டின் மெல்லிய தகடுகளை நார் மாற்றி மாற்றி ஒட்டி, நடுவில் சிறிது வளைவு வரும்படி சிமெண்ட் மூட்டைகளை ஏற்றி வைத்தார். கூலி பற்றிப் பேச்செடுத்தபோதெல்லாம் எழுந்து போய்விட்டார்.

அந்தப் பலகைக்கு இருபுறமும் கண்ணாடி இழை பூசியவர்களும், பேட்டரி வைக்கும் அடிப்பெட்டியை அச்சில் வார்த்துத் தந்தவர்களும் குளச்சலில் பைபர் வள்ளம் கட்டும் மேஸ்திரியும் அவருடைய ஆட்களுமே. இழையை ஒட்டும் பசையான ரெசினில், இறுகுவதை விரைவாக்கும் கோபால்ட்டை முதலில் கலக்கி முடித்த பிறகே, அதை இறுகவைக்கும் ஹார்டனரை ஊற்ற வேண்டும், இரண்டும் நேராக ஒன்றோடொன்று சேர்ந்தால் வெடித்துவிடும் என்பதால், எங்களை அந்தப் புட்டிகளைத் தொடவே விடவில்லை. உப்புக்காற்றில் எது எத்தனை நாள் நிற்கும் என்பதைப் படித்துத் தெரிந்துகொண்டவர்களல்லர் அவர்கள். கடலில் விட்டுப் பார்த்தவர்கள். பெட்டிக்கும் பலகைக்கும் இடையில் தண்ணீர் புகாமலிருக்க சைக்கிள் டியூபை வெட்டி வைக்கச் சொன்னதும் மேஸ்திரிதான். டியூப் தந்த சைக்கிள் கடை அண்ணனுக்கும் இங்கேயே நன்றி.

மார்த்தாண்டத்தில் தண்ணீர் மோட்டாருக்குக் காயில் கட்டும் அண்ணனைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும். ஹப் மோட்டாரில் காயில் சுற்றிய நடுப்பகுதி அச்சோடு அசையாமல் நிற்கும்; காந்தம் பதித்த வெளி ஓடுதான் சுற்றும். அந்த ஓட்டின் மேல் பாலியூரித்தேன் உறை மாட்டினால் அதுவே சக்கரம். இந்த அமைப்பை அவர் அதற்கு முன் பிரித்துப் பார்த்ததில்லை என்றாலும், மூன்று வயர்களையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு சக்கரத்தைச் சுற்றிப் பார்த்து, கையில் உணர்ந்த இறுக்கத்தை வைத்தே காயில் மூன்றும் நலம் என்றார். காயிலின் சுற்றுகளைக் குறைத்துக் கட்டினால் வேகம் கூடுமே என்று கேட்டதற்கு மட்டும் மறுத்துவிட்டார். இந்த மோட்டாரில் பல்சக்கரமோ பெல்ட்டோ கிடையாது. கிளம்பும்போது வேண்டிய இழுவை முழுவதும் மின்னோட்டத்திலிருந்தே வர வேண்டும். சுற்று குறைந்தால் அதே இழுவைக்கு ஆம்பியர் கூடும், கூடவே சூடும் ஏறும். தண்ணீர் மோட்டாரில் சூடு மிகுந்தால் காயில் எரியும், மறுபடி கட்டிக்கொள்ளலாம். இதிலோ காயிலுக்கு முன்பே காந்தம் போய்விடும். சாதாரண நியோடிமியம் காந்தம் 80 டிகிரி செல்சியசைத் தாண்டினால் வலு இழக்கத் தொடங்கும் என்பதை நாங்கள் வாசித்துத்தான் அறிந்திருந்தோம். அவர் அதைத் தம் பட்டறை அனுபவத்திலிருந்தே ஊகித்தார். எங்கள் மோட்டார் ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் 75 சுற்றுச் சுற்றுவது. 36 வோல்ட்டில் 2,700 சுற்று. 90 மில்லிமீட்டர் சக்கரத்துக்கு அது, ஆள் ஏறாத நிலையில், மணிக்கு ஏறத்தாழ 46 கிலோமீட்டர். இந்தக் கணக்கைக் கேட்டுவிட்டு, “இதுக்கு மேல வேகமா எங்க போவணும் மக்களே?” என்றார். பதில் இல்லை.

பேட்டரியைக் கட்டித் தந்தவர் தக்கலையில் மின் ஸ்கூட்டர் பழுதுபார்க்கும் தம்பி. 18650 என்னும் உருளை வடிவ லித்தியம் கலங்கள் 20, பத்து வரிசையில் இரண்டிரண்டாக. பழைய லேப்டாப் பேட்டரிகளிலிருந்து கலங்களைப் பிரித்துச் சேர்க்கலாம் என்ற யோசனையை அவர் ஏற்கவில்லை. வலுவிழந்த ஒரு கலம் வரிசையில் இருந்தாலும் மற்றவற்றைவிட முன்னதாக வடிந்து கெடும் என்றார். புதுக் கலங்களை வாங்கியபோது பணம் தந்தவர் அத்தை. அது அவருடைய சீட்டுப் பணம். கலங்களை இணைக்கும் தகடு சுத்த நிக்கலா, நிக்கல் பூசிய இரும்பா என்று சோதிக்கத் தகட்டைக் கீறி உப்புத் தண்ணீரில் போட்டு வைக்க வேண்டும். இரும்பாக இருந்தால் கீறிய இடம் துருப்பிடிக்கும். கடலோரத்தில் இருந்துகொண்டு உப்புத் தண்ணீருக்கா பஞ்சம் என்று அந்தத் தம்பி சிரித்தார்.

பிரேக் பற்றி அவர் சொன்னதற்கு நாங்கள் தனியாகக் கடமைப்பட்டிருக்கிறோம். இந்தப் பலகையில் பிரேக் பிடிப்பதும் மோட்டாரே; அப்போது அது மின்சாரம் உண்டாக்கிப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்புகிறது. பேட்டரி 42 வோல்ட் வரை நிரம்பியிருந்தால் அதை வாங்கிக்கொள்ள இடம் இல்லை; பேட்டரிக்குக் காவலாக இருக்கும் பி.எம்.எஸ். என்னும் சர்க்யூட் இணைப்பைத் துண்டித்துவிட்டால் அந்தக் கணமே பிரேக்கும் போய்விடும். எங்கள் வீடு மேட்டில் இருப்பதால் சார்ஜ் ஏற்றியதும் முதல் ஓட்டமே இறக்கத்தில்தான். ஆகவே 41 வோல்ட்டோடு நிறுத்தும்படி சார்ஜரை அமைத்துத் தந்தார். இந்த ஒன்றுக்காகவே அவருக்கு எங்கள் பெற்றோரும் நன்றி சொல்லச் சொன்னார்கள்.

மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் வெஸ்க் (VESC) வகையைச் சேர்ந்தது. அதன் வடிவமைப்பை எவரும் பயன்படுத்திக்கொள்ளும்படி வெளியிட்ட சுவீடன் நாட்டுப் பொறியாளர் பெஞ்சமின் வெட்டர் இம்மடலைப் படிக்கப் போவதில்லை. இருந்தாலும் அவர் பெயரை விட்டுவிட மனம் வரவில்லை. அந்தச் சர்க்யூட்டின் மேல் ஈரம் தாக்காத பூச்சைப் பூசியவர் செல்போன் பழுதுபார்க்கும் அக்கா. மோட்டாரையும் சக்கர அச்சுகளையும் விடுமுறைக்கு வந்தபோது பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தவர் சவூதியில் வேலை பார்க்கும் பெரியப்பா மகன். கட்டி முடித்த பேட்டரியையும் அங்கிருந்தே வாங்கி வரச் சொல்லியிருப்போம். ஆனால் 180 வாட்-மணி அளவுள்ள லித்தியம் பேட்டரியைப் பயணிகள் விமானத்தில் கொண்டுவர அனுமதி இல்லை, 160தான் உச்சம் என்று முன்பே விசாரித்துச் சொன்னவரும் அவரே.

கோயில் வளாகத்தின் சிமெண்ட் தளத்தில் ஓட்டிப் பழக இடம் தந்த பங்குத்தந்தை அவர்களுக்கு எங்கள் பணிவான நன்றி. திருப்பலி நேரத்தில் ஓட்டுவதில்லை, ஹெல்மெட் இல்லாமல் ஏறுவதில்லை, நெடுஞ்சாலைக்குக் கொண்டுபோவதே இல்லை என்று அவரிடம் கொடுத்த வாக்கு அப்படியே இருக்கிறது.

வயர் இணைப்புப் படத்தின் நகல் ஒன்றைக் காயில் கட்டும் அண்ணனின் கடையில் வைத்திருக்கிறோம். செய்து பார்க்க விரும்புவோர் அங்கே கேட்டு வாங்கிக்கொள்ளலாம். மீன் பெட்டி தள்ளும் வண்டிக்கும் இப்படி ஒரு மோட்டார் மாட்ட முடியுமா என்று மேஸ்திரி கேட்டிருக்கிறார். மாட்டலாம், ஆனால் மணலில் பாரம் இழுக்க இந்த மோட்டார் போதாது. உள்ளே பல்சக்கரம் வைத்த சைக்கிள் ஹப் மோட்டார் வேண்டும். சக்கரத்தின் அளவெடுக்க வரும் ஞாயிறு பூசை முடிந்ததும் வள்ளக் கூடத்துக்கு வருகிறோம். வண்டியை வெறுமையாக வைத்திருக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நன்றியுடன்,
உங்கள் ஊர்ப் பிள்ளைகள் இருவர்